மெமரியைக் கொடுப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே சர்வரைப் பல பார்ட்டிஷன்களாக (தனித்தனிக் கணினிபோல் இயங்கும் பகுதிகளாக) பிரித்து, எதையும் நிறுத்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெமரி, ப்ராசஸர் எல்லாம் ஒரே கிளிக்கில் மாற்றிவிடலாம் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மாற்றலாம், பொய்யில்லை. ஐபிஎம் பவர் சர்வர்களில் 2002-ல் ஏஐஎக்ஸ் 5.2 இயங்குதளம் வந்த நாளிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஆனால் அதைப் படித்த மேலாளர்கள் "பகலிலேயே செய்துவிடலாமே" என்று வந்து நிற்பார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொடுக்கும் பக்கம் தொந்தரவே இல்லை. எடுக்கும் பக்கத்தில்தான் விஷயம். மெமரி சின்னச் சின்னத் தொகுதிகளாகத்தான் நகரும், ஒரு தொகுதி 256 எம்பி என்றால் 16 ஜிபி எடுக்க 64 தொகுதிகளைக் காலி செய்தாக வேண்டும், அதில் இருக்கும் தரவையெல்லாம் இயங்குதளம் வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த இடமில்லையென்றால் டிஸ்குக்குத் தள்ள ஆரம்பிக்கும், அப்புறம் டேட்டாபேஸ் ஏன் தவழ்கிறது என்று எல்லோரும் நம்மைத்தான் கேட்பார்கள். பின் செய்து வைத்த (நகர்த்த முடியாதபடி பூட்டிய) மெமரி நிறைய இருந்தாலோ வேலை பாதியிலேயே நிற்கும்: 16 கேட்டோம், 9 தான் வந்தது என்று எச்எம்சி (சர்வரை நிர்வகிக்கும் கன்சோல்) காட்டும். வந்த 9 வந்ததுதான், அது தானாகத் திரும்பிப் போகாது.

சில நேரம் அதுகூட நடக்காது. எச்எம்சியும் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் இயங்குதளமும் நெட்வொர்க் வழியாக 657-ஆம் போர்ட்டில் பேசிக்கொள்கின்றன. நடுவில் யாரோ ஃபயர்வாலில் அதை மூடியிருந்தால் பார்ட்டிஷன் நன்றாக ஓடும், மாற்றம் மட்டும் நடக்காது. ஹார்டுவேரைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள்.

ப்ராசஸர் பரவாயில்லை. சொல்லப்போனால், பல பார்ட்டிஷன்கள் பகிரும் ப்ராசஸர் பூலில் பார்ட்டிஷனை அன்கேப்டாக (ஒதுக்கீட்டைத் தாண்டியும் எடுக்கலாம் என்று) வைத்திருந்தால், சும்மா கிடக்கும் ப்ராசஸர் நேரத்தை பார்ட்டிஷன்களை நடத்தும் ஹைப்பர்வைசரே எடுத்துக் கொடுத்துவிடும், பல இடங்களில் கையால் மாற்றவே தேவையில்லை. ஐ/ஓ அட்டையென்றால் முதலில் இயங்குதளத்தில் அந்த டிவைஸைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்க முடியும்.

இன்னொன்று, ப்ரொஃபைலில் (பார்ட்டிஷனின் அளவுகளைப் பதிந்து வைத்திருக்கும் இடத்தில்) போட்ட அதிகபட்சத்தைத் தாண்டி எதையும் கூட்ட முடியாது. அந்த அதிகபட்சத்தை உயர்த்த பார்ட்டிஷனை அணைத்து மறுபடி தொடங்கியாக வேண்டும். சரி, முதலிலேயே பெரிதாகப் போட்டுவிடலாம் என்றால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது: பேஜ் டேபிளுக்கான (மெமரியில் எது எங்கே என்று குறித்து வைக்கும் அட்டவணைக்கான) இடத்தை அந்த அதிகபட்சத்தை வைத்துத்தான் ஹைப்பர்வைசர் ஒதுக்குகிறது. 64-ல் ஒரு பங்கு என்ற கணக்கில், 256 ஜிபி என்று போட்டால் 4 ஜிபி அதற்கே போய்விடும், நீங்கள் பயன்படுத்துவது 60 ஜிபியாக இருந்தாலும்.

கட்டுரையில் அறவே விடுபட்டது ஒன்று உண்டு. ஓடும்போது செய்த மாற்றம் ப்ரொஃபைலில் தானாக ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. சேமிக்காமல் விட்டுவிட்டு, மாதங்கள் கழித்து யாராவது பார்ட்டிஷனை அணைத்து அந்த ப்ரொஃபைலிலிருந்தே ஏற்றினால் பழைய அளவோடுதான் எழும். அன்றைக்கு மாற்றியவர் அநேகமாக வேறு வேலைக்குப் போயிருப்பார். இப்போதைய எச்எம்சிகளில் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் அமைப்பு இருக்கிறது, அதைப் பற்றி இரண்டு வரி போடுங்கள்.

- ஒரு சர்வர் நிர்வாகி