ஆடாசிட்டி வேலையிலிருந்து விலகுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் தமிழாக்கம், புதுப் பதிப்புகளைச் சோதிப்பது இரண்டையும் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரோடும் சண்டை இல்லை. 2021இல் அது மியூஸ் குழுமம் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனபோது எழுந்த கூச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் அதன் அடிப்படை அமைப்பு. 2000இல் வெளிவந்த இந்த மென்பொருள் ஒலியை வெட்டி ஒட்டும் கருவியாகவே பிறந்தது. எதிரொலி சேர்த்தால் ஒலி அலையே மாற்றி எழுதப்படும். நாலு வேலை தள்ளி, எதிரொலி கொஞ்சம் தூக்கல் என்று தோன்றினால் ஒவ்வொன்றாகப் பின்வாங்க வேண்டும். இடையில் செய்ததும் போய்விடும். 2022இல் வந்த 3.2 பதிப்பு நிகழ்நேர விளைவுகளை (மூல ஒலியை மாற்றாமல், ஒலிக்கும்போதே சேர்பவை) கொடுத்து இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் மிடி (ஒலிக்குப் பதிலாக எந்தச் சுரம், எப்போது என்று குறித்துவைக்கும் முறை)? கோப்பைத் திறக்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். மென்பொருள் இசைக்கருவியை ஏற்றி வாசித்துப் பதிய வழியில்லை. பாட்டுக்கு இசை கோக்கும் எனக்கு அது இல்லாமல் முடியாது.

குரல் பதிவுக்கு இன்றும் ஆடாசிட்டியையே பரிந்துரைப்பேன். நான் போவது ஆர்டோர் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளுக்கு. அங்கே பதிந்த மூல ஒலி கலையாது. 2013இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து மிடியும் உண்டு. (நிறுவத் தயாரான பதிப்புக்குப் பணம் கேட்பார்கள், மூல நிரல் இலவசம். முடிந்தவர்கள் கொடுத்துவிடுங்கள்.)

அப்புறம், கலைச்சொல் பட்டியலையும் பாதியில் நிற்கும் மொழிபெயர்ப்புக் கோப்பையும் இங்கே பகிர்கிறேன். பொறுப்பேற்க விரும்புபவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். குழுவில் தொடர்ந்து இருப்பேன்.