செந்திலின் காய்ச்சல்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் அக்கா மகன் செந்திலுக்குத் துணையாக இருந்தேன். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது.

அவனுக்கு வயது 23. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறான் என்பது உனக்குத் தெரியும். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போய், கழுத்தில் போட்ட குழாயிலேயே ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர் தூக்கிப் போட்டது. பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, நாலாம் நாள் திரும்பி வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் "சித்தி" என்று கூப்பிட வந்தவனுக்கு வாய் குழறியது, வலது கை தூக்க வரவில்லை.

அப்புறம்தான் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் மைட்ரல் வால்வில் கிருமிகள் கட்டியாகப் படிந்திருந்தன. அதிலிருந்து உடைந்த துணுக்கு மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது. தோலில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி, குழாய் வழியாக நேரே ரத்தத்துக்குள் போய்விடுமாம். வால்வுக்குத் தனியாக ரத்தக்குழாய் ஏறக்குறைய கிடையாது. அதனால் உடம்பின் காவல் அணுக்களும் மருந்தும் அந்தக் கட்டிக்குள் எளிதில் எட்டாது. ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருப்பது இதனால்தான். இன்னொன்றும் டாக்டர் சொன்னார், கலா. ரத்தத்தை லேபில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதை ரத்தக் கல்ச்சர் என்கிறார்கள்; மாத்திரை போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் அது வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்த மருந்து என்றும் தெரியாது. செந்திலுக்கு முதல் இரண்டு தடவை ஒன்றுமே வளரவில்லை. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.

நிலாவுக்குப் பல் பிடுங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவளுக்குச் செயற்கை வால்வு இருப்பதால் இதய டாக்டரிடம் கேட்காமல் போகாதே. பென்சிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுப்பது வழக்கம். அப்புறம் எப்போது காய்ச்சல் வந்தாலும், வால்வு மாற்றியவள் என்பதை முதலில் சொல். ரத்தக் கல்ச்சருக்கு எடுத்த பிறகு ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்று கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. நாங்கள் கூச்சப்பட்டோம்.

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். கிருமி முழுதாகப் போனதும் இடது கையில் ஃபிஸ்டுலா. வால்வு ஆபரேஷன் வேண்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று வலது கையால் டம்ளரைப் பிடித்தான். அக்கா வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பல் பிடுங்கும் தேதி தெரிந்ததும் எழுது.

உன்,
வசந்தி