காட்டுப்புறாவின் நாட்டிலிருந்து

பீலஃபெல்டு, ஜெர்மனி
அக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

அய்யா துணை. நான் சுகம். போனில் பேசினால் பாதி நேரம் "சாப்பிட்டியா மக்களே, குளிருதா" என்பதிலேயே போய்விடுகிறது, மீதி நேரம் தம்பி போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் கடிதம். போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டாயே, "நீ வேலை பாக்குற இடம் கிறிஸ்தவ சபைக்காரங்க நடத்துறது, உன்னை மதம் மாத்திப்போட மாட்டாவல்லா?" என்று, அதற்கு நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மண்டைக்காட்டில் 1982-ல் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நீ, உனக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். இப்போது ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு புறா கதை, அப்பாவிடம் கட்டாயம் சொல். மயிலாடியில் அப்பாவின் கல்பட்டறைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்போமே, ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் பேர் போட்ட பெரிய கிறிஸ்தவக் கோயில். அந்த ரிங்கல்தௌபே ஜெர்மன்காரர். லண்டன் மிஷனுக்காக 1806-ல் நம் பக்கம் வந்து, 1809-ல் மயிலாடியில் கோயில் கட்டி, 1816-ல் புறப்பட்டுப் போனவர் என்ன ஆனார் என்றே தெரியாமல் போய்விட்டது. (அதே 1809-ல்தான் நாம் கும்பிடும் அய்யா வைகுண்டர் பிறந்ததும். இதை நான் இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன், பார்த்துக்கோ.) உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார் என்று இங்கே காலைக் காபி நேரத்தில் அவர் பேரைப் பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைக் காட்டினார்கள். வெளியே மரத்தில் கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு ஒரு தடித்த புறா. அதற்குப் பேர்தான் ரிங்கல்தௌபே! இவ்வளவு வருஷமாக நம் ஊர்ப் பெரிய கோயில் மேல் ஒரு காட்டுப்புறாவின் பேர் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. மயிலாடிக்குப் புறா வந்த கதை என்று இங்கே இப்போது என்னைக் கேலி செய்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் வந்த முதல் வாரமே நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம். எனக்குக் கை ஓடவில்லை. நம் ஊர் மக்கள்தொகைக் கணக்கிலேயே, அய்யா வைகுண்டரைக் கும்பிடும் நம் அய்யாவழிக்குத் தனிக் குறியீடு கிடையாது, பெரும்பாலும் இந்து என்றுதான் போடுவார்கள், இங்கே என்ன செய்ய? அய்யாவழி என்று எழுதி நீட்டினேன். அலுவலகத்தில் இருந்த அம்மா இரண்டு தடவை வாசித்தாள், கம்ப்யூட்டரில் தேடினாள், அப்புறம் சொன்னாள், நீங்கள் இதைச் சொல்லவே வேண்டாம், வரி பிடிக்க வேண்டிய சபைகளுக்குத்தான் இந்தக் கட்டம் என்று. எனக்குப் புரியவே இல்லை. பிறகுதான் விளக்கினார்கள். இங்கே புராட்டஸ்டண்டோ கத்தோலிக்கரோ சபையில் பேர் இருந்தால், அவர்கள் கட்டும் வருமான வரிக்கு மேல் இன்னும் 9 சதவீதம் சபைக்கு என்று அரசாங்கமே பிடித்துக் கொடுத்துவிடும். 100 யூரோ வரி என்றால் 9 யூரோ சபைக்கு. வேண்டாம் என்றால் கோர்ட்டுக்குப் போய் 30 யூரோ கட்டி சபையிலிருந்து விலகிவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் அப்படித்தான் விலகுகிறார்கள், இப்போது இரண்டு சபையும் சேர்த்தாலும் நாட்டில் பாதிப் பேர்கூட இல்லை. நம் பக்கத்து வீட்டு அக்கா தன் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துவிட்டு வந்து பெருமையடிப்பாளே, அவளிடம் இதைச் சொல்லாதே, மனசு கஷ்டப்படுவாள்.

என் பேருக்கு நேரே இப்போது ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது. முதலில் ஒரு மாதிரி இருந்தது. இப்போது பரவாயில்லை.

வேலை இடத்தைப் பற்றிக் கேட்டாய். பேத்தேல் என்பது ஒரு கட்டடம் இல்லை அம்மா, ஒரு ஊர் மாதிரி. 1867-ல் காக்காய் வலிப்பு நோயாளிகளை யாரும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் சபைக்காரர்கள் தொடங்கிய இடம், இப்போது ஆஸ்பத்திரி, பள்ளி, முதியோர், மனநலம் என்று பெருகிவிட்டது. எங்களை மாதிரி ஒரு வருஷச் சேவைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இருக்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. காலையில் பதினைந்து நிமிஷம் ஜெபம் நடக்கும். வர வேண்டிய கட்டாயம் இல்லை, வராதவர்கள் காபி போடலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் போகிறேன், பாட்டுக்காக. ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுத்த பைபிள் வசனம் ஒன்று வாசிப்பார்கள், 1731-லிருந்து அச்சாகிவருகிறதாம். புத்தாண்டு ராத்திரி நம் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துவந்து காட்டும் வாக்குத்தத்த அட்டையேதான்! ஆறு மணிக்கு இருட்டில் நான் விளக்கேற்றி அய்யாவை நினைத்துவிட்டு நாமத்தோடு போய் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை என்று சில நாள் தோன்றும்.

மதம் விஷயமாக ஒரே ஒரு தடவைதான் எனக்குத் திட்டு விழுந்தது. அது நீ நினைக்கிற மாதிரி இல்லை, நேர் தலைகீழ்.

என் வார்டில் ஒரு பாட்டி, எண்பத்தைந்து வயசு இருக்கும், மறதி நோய். என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் விரலை நீட்டித் தொட்டு, எனக்கும் என்றாள். எனக்கு நம் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. என் டப்பாவிலிருந்து எடுத்து அவள் நெற்றியில் ஒரு நாமம் இழுத்தேன். கண்ணாடியைக் காட்டினேன், சிரித்தாள். அரை மணி நேரத்தில் மேற்பார்வை பார்க்கிற அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசம். "அவள் கேட்டாள், சரி. எதைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியுமா? அவளுடைய கோப்பில் என்ன மதம் என்று பார்த்தாயா? மகளிடம் கேட்டாயா?" நான் அழுதுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது நானே போய்ச் சொன்னேன். அன்று எடுத்த போட்டோவை அவள் பார்த்து, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம், அம்மா இதைத் தானாக யோசித்துச் சொல்லும் நிலையில் இல்லை என்றாள். அவ்வளவுதான். கை கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் எனக்குக் கோபம். நெற்றியில் ஒரு கோடு, அதற்கு இத்தனை பேச்சா? அப்புறம் நம் பாட்டி கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. ஒரு நர்ஸ் கேட்காமலே பாட்டி தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாளே. அப்பா வெளியே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தானே பண்ணினாள் என்று நீதான் சமாதானம் சொன்னாய். நானும் நல்லதுக்குத்தான் பண்ணினேன்.

இவர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று முதலில் எரிச்சலாக இருக்கும். அப்புறம் ஒரு பயிற்சி நாளில் இந்த இடத்தின் பழைய கதையைச் சொன்னார்கள். ஹிட்லர் காலத்தில் இங்கிருந்த நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை நடந்திருக்கிறது. 1940-ல் இங்கிருந்த யூத நோயாளிகளைக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். மற்ற நோயாளிகளைக் கொடுக்க மாட்டோம் என்று அப்போதைய தலைவர் போதகர் போடல்ஷ்விங் இழுத்தடித்துப் பலரைக் காப்பாற்றியதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள், எதையும் மறைக்கவில்லை. நம் ஊரில் ஒரு சபையோ கோயிலோ தன் கதையை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சேவை என்பதற்கு நேரக் கணக்கு உண்டு, ஒருவரைக் குளிப்பாட்ட இத்தனை நிமிஷம் என்று. செலவில் பெரும்பங்கு சபை வரியிலிருந்து வருவதில்லை, பராமரிப்புக் காப்பீடும் அரசாங்கமும்தான் கொடுக்கின்றன. அப்போது இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன், யாரிடமும் நேரான பதில் இல்லை. நாம் அய்யாவைக் கும்பிடும் தாங்கலில் யாரோ ஒரு மூடை அரிசி கொண்டுவந்து இறக்கினால் அன்னதர்மம் நடக்கும், இறக்காவிட்டால் எல்லாரும் முகத்தை முகம் பார்ப்போம். அது சேவை, இது வேலை என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் தாங்கலில் சோறு போடும் நாள் போக, மற்ற நாளில் அந்தக் கிழவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லையே.

ஜூன் மாதம் ஹம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன், ரயிலில் இங்கிருந்து பக்கம்தான். ஊர்க் கோபுரம் மாதிரியே கோபுரம், சுற்றிலும் தொழிற்சாலை! போரில் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் ஒரு நிலவறையில் தொடங்கிய கோயிலாம். வீடுகள் இருந்த தெருவில் தேர்க் கூட்டம் பெருகிப் புகார் வந்தபிறகு, ஊருக்கு வெளியே இடம் வாங்கி 2002-ல் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள். கும்பிடும் உரிமை இவர்கள் அரசியல் சட்டத்தில் 4-வது பிரிவு, நமக்கு 25. இரண்டு நாட்டிலும் கடைசியில் கார் எங்கே நிறுத்த, ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு என்பதில்தான் வந்து நிற்கிறது. அங்கே சாம்பார் சாதம் வாங்கி வேலிப் பக்கம் நின்று சாப்பிட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஆகஸ்டில் கேவலார் மாதா கோயிலுக்கும் வா, உங்கள் ஆட்களும் நிறைய வருவார்கள் என்றார். நம் ஊரில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நாம் போவதில்லையா, அதேதான். அப்பாவும் காலையில் பிள்ளையார், மத்தியானம் மாதா என்று செதுக்கிவிட்டு, சாயங்காலம் சிலையே இல்லாத அய்யா பதியில் கண்ணாடி முன்னால் நிற்கிறவர்தானே.

கடைசியாக இரண்டு வேலை உனக்கு. நாமக்கட்டி தீரப்போகிறது, அனுப்பு. பொடியாக வேண்டாம், வெள்ளைப் பொடியைக் கவரில் போட்டு அனுப்பினால் இங்கே போலீஸ் வந்து நிற்கும், கட்டியாகவே அனுப்பு. கூரியரில் போடாதே, தபாலில் போடு, நிறைய ஸ்டாம்பு ஒட்டச் சொல், சின்னச் சின்ன விலையில். இங்கே பழைய ஸ்டாம்பு சேர்க்கும் இடம் ஒன்று உண்டு, நாடெங்கும் இருந்து மூட்டையாக வரும், உடம்பு முடியாத எங்கள் ஆட்கள்தான் உட்கார்ந்து வெட்டி, தரம் பிரித்து, விற்பனைக்குக் கொடுப்பார்கள். புதன்கிழமை நானும் அவர்களோடு உட்காருவேன். இந்திய ஸ்டாம்பு எப்போது வரும் என்று ஒரு பெரியவர் ஏப்ரலிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் அந்த ஸ்டாம்பையும் வெட்டி உள்ளே வை. பிய்த்து எடுக்காதே, சுற்றிலும் ஒரு விரல் அகலம் காகிதம் விட்டு வெட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் மகள்