ஒரு சொம்பும் மூன்று மாங்காயும்

கிருஷ்ணகிரி
வைகாசி 6

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். என் முட்டி வலி பரவாயில்லை. இந்த வருஷம் மா விளைச்சல் சுமார்தான் என்று மண்டியில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுச் சேதி இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் படம்தான்டா. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும், வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

சித்திரை பிறந்த அன்றைக்கு ஆரம்பித்தேன். அம்மா புழங்கிய பித்தளைச் சொம்பு, மூன்று பெங்களூரா மாங்காய், மடித்த பழைய வேட்டி. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலத்து ஓவியரும் பார்த்திருக்கக்கூடிய விதத்தில் ஒவ்வொரு படமாக வரைவது என்று முடிவு செய்தேன். பெங்களூராவை நீ அங்கே கிளிமூக்கு என்பாய். இங்கே பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய், தின்பதற்கு யாரும் தேடி வாங்குவதில்லை. ஆனால் முனை அலகு மாதிரி வளைந்திருப்பதால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரு நல்ல கோடு கிடைக்கிறது.

முதலில் ஸ்பெயின்காரர் சாஞ்சஸ் கொட்டான். நாம் கல்லூரி நூலகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்த படம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கல் ஜன்னல், பின்னால் கும்மிருட்டு. ஒரு பழமும் முட்டைக்கோஸும் நூலில் தொங்கும், கீழே வெட்டிய முலாம்பழமும் வெள்ளரிக்காயும் இருக்கும். 1602 வாக்கில் வரைந்தது. அடுத்த வருஷமே அவர் டொலிடோவில் தன் பட்டறையை மூடிவிட்டுத் துறவு மடத்தில் சேர்ந்துவிட்டார். காய்களை ஏன் தொங்கவிட்டார் என்று அப்போது நாம் எவ்வளவு நேரம் பேசினோம்! கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் அங்கே அப்படித் தொங்கவிடுவார்களாம். நம் பாட்டி வீட்டு உறிதானே அது! நானும் சமையலறைப் பரண் கட்டையில் இரண்டு மாங்காயைக் காம்போடு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அசையாமல் நின்றது பார், அந்த நிமிஷம் வீடே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. மேஜையில் கிடக்கும்போது அது வெறும் காய். இருட்டுக்கு முன்னால் தொங்கும்போது அதன் கனம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் படம் எனக்குத் திருப்தி.

அப்புறம் டச்சுக்காரர்கள். இதில்தான் பதினாறு நாள் போயிற்று. ஹார்லெம் ஊரில் பீட்டர் க்ளாஸும் வில்லெம் ஹேடாவும் 1630-களில் வரைந்த சாப்பாட்டு மேஜைப் படங்களை எடுத்துக்கொண்டேன். ரொட்டி, மீன், வெள்ளீயத் தட்டு, தோல் பாதி உரித்த எலுமிச்சை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பழுப்புச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நான் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்தேன். பித்தளை என்றதும் கை தானாக மஞ்சள் டியூபைத் தேடிப் போகும், இல்லையா? அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகு ஒன்று தெரிந்தது. சொம்பின் வயிற்றில் மஞ்சள் அநேகமாக இல்லவே இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கரும்பழுப்பு. அதற்குக் கீழே ஆலிவ் பச்சை, அது மாங்காயிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் வேட்டியின் சாம்பல் வெள்ளை. நடுவில் ஜன்னல், நாலு கம்பியும் வளைந்துபோய், நகத்தளவு. மஞ்சள் என்று சொல்லக்கூடியது ஓரத்தில் பிறை மாதிரி ஒரே ஒரு கீற்றுதான். அதை வைத்ததும் மொத்தச் சொம்பும் பித்தளையாகிவிட்டது.

இன்னொன்று. சொம்பில் ஒரு நசுங்கல் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது கிணற்றுப் படியில் விழுந்தது. அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் இரண்டாக உடைகிறது, ஒன்று மேல் விளிம்பில், ஒன்று குழிக்குள். அதற்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. க்ளாஸ் ஒரு படத்தில் கண்ணாடிக் கோளம் ஒன்றை வைத்து, அதற்குள் தான் உட்கார்ந்து வரைவதையே காட்டியிருப்பார். குழிக்குப் பக்கத்தில் என் தலையும் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. அதையும் வைத்துவிட்டேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த முறையில் அடிப்பூச்சு காய வேண்டும், அதற்கு மேல் எண்ணெய் கலந்த மெல்லிய மெருகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஆளி விதை எண்ணெய் இந்த வெயிலுக்கும் சீக்கிரம் காயவில்லை. பச்சையாக ஆரம்பித்த காய் மெருகு போடும் நாளில் மஞ்சளடித்து, காம்பருகில் பால் வழிந்த கறை கறுத்து நின்றது. அங்கே பூ ஓவியர்கள் வசந்தத்துத் துலிப்பையும் கோடையில் பூக்கும் ரோஜாவையும் தனித்தனியாக வரைந்து வைத்து, பிறகு ஒரே ஜாடியில் சேர்த்தார்கள் என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, அதன் கஷ்டம் இப்போதுதான் புரிகிறது. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ மட்டும் 1599 வாக்கில் வரைந்த பழக்கூடையில் புழு துளைத்த ஆப்பிளையும் வாடிய இலையையும் இருந்தபடியே விட்டார். நானும் கறையை அழிக்கவில்லை.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவிய அகாடமியில் பொருட்களை வரைகிறவனுக்குக் கடைசி வரிசை. 1667-இல் ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் அந்த வரிசையை எழுத்திலேயே போட்டு வைத்தார். இங்கேயும் அதேதானே? இத்தனை வருஷத்தில் சாமி படம் கேட்டிருக்கிறார்கள், தலைவர் படம் கேட்டிருக்கிறார்கள், இறந்துபோன அப்பா படம் கேட்டிருக்கிறார்கள். சொம்பு வரைந்து கொடு என்று ஒருவரும் வந்ததில்லை. அதனால்தான் பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் மீது எனக்கு இவ்வளவு மரியாதை. அடுப்படி மீனையும் பாத்திரங்களையும் வரைந்தே அந்த அகாடமிக்குள் அவர் 1728-இல் நுழைந்தார். அவர் மாதிரி வரைந்ததைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த மங்கலான மென்மைக்கு வேறு கை வேண்டும்.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் செசானிடம் வந்தபோதுதான்டா மனசு கலங்கியது. அவர் படத்தில் மேஜை விளிம்பு துணிக்கு இந்தப் பக்கம் ஓர் உயரத்திலும் அந்தப் பக்கம் வேறு உயரத்திலும் இருக்கும். பாத்திரத்தின் வாயை மேலிருந்தும் உடலை நேரிலிருந்தும் பார்த்திருப்பார். பழங்களை நிறுத்த அடியில் காசு வைத்துச் சரிசெய்வாராம். மெதுவாக வரைகிறவர், பூ வாடிவிடும் என்று காகிதப் பூ வைத்துக்கொண்டவர். அவரைப் போலச் சொம்பின் வாயைச் சற்றுத் திறந்து வரைந்துகொண்டிருந்தபோது பழைய மாணவன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். ஏழாம் வகுப்பு. பானை வரையச் சொன்னேன். வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைந்திருந்தான். கண்மட்டம், நீள்வட்டம் என்று சொல்லிக்கொண்டே சிவப்பு மையால் அவன் கோட்டின் மேலேயே திருத்தினேன். "உள்ளே தண்ணி இருக்கறது தெரியணும்ல சார்" என்றான். நான் பதில் சொல்லவில்லை, அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

நீள்வட்டத்தை இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கத்தான் செய்வேன், அது தெரியாமல் முடியாது. ஆனால் அது ஓர் இடத்தில் ஒரு கண்ணை மூடி உட்கார்ந்தவன் பார்க்கிற பார்வை. அந்தப் பையன் பானையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வரைந்தான். இரண்டும் பார்வைதான். சிவப்பு மையை நான் எடுத்திருக்கக் கூடாது.

அவன் வழியிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனால் பிக்காசோ வந்துவிடுகிறார். 1912-இல் பிரம்புப் பின்னல் அச்சடித்த துணியைப் படத்திலேயே ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டினார் அல்லவா? நான் மண்டிச் சீட்டு ஒன்றை ஒட்டினேன். படம் சுமார், ஆனால் ஒரு நாளில் முடிந்தது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. போன வாரம் பர்கூர் பக்கம் மல்லபாடிப் பாறை ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளை நிறத்தில் குதிரையும் வீரனும். தரை இல்லை, நிழல் இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஓர் எண்ணம் ஓடியது. நம்மிடம் பொருளைத் தனியாக வரைகிற வழக்கம் அநேகமாகக் கிடையாது, யாருடைய கையிலாவது, யார் பக்கத்திலாவதுதான் அது இருக்கும். உங்கள் தஞ்சாவூர்ப் பலகையில் வெண்ணெய்ப் பானை கிருஷ்ணன் பக்கத்தில் இருக்கிறது. கிருஷ்ணனை எடுத்துவிட்டு அந்தப் பானை இருந்த இடத்தில் அம்மாவின் சொம்பை மட்டும் வைத்தால்? விளிம்புக்குச் சுக்கான் தூளில் மேடு கட்டி, மேலே தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டி. நிழல் விழாது, ஜன்னலும் தெரியாது. அந்த நசுங்கலை என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை. தங்கத்தில் குழி எடுபடுமா, இல்லை அதைச் சமன் செய்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டுமா? சமன் செய்ய எனக்கு மனசில்லை. முப்பது வருஷமாக ரேக்கு ஒட்டுகிறவன் நீ, நீயே சொல்.

எழுத்தில் சொல்வதைவிட நேரில் வந்தால் நல்லது. சேலம் வரை வந்துவிட்டால் பஸ் நிறைய இருக்கிறது. பலகை தயாராக இருக்கிறது, ரேக்கு மட்டும் உன் கையால் வாங்கி வா, இங்கே கிடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மூன்று மாங்காய் நேற்றுத்தான் வந்தன. இன்னும் கெட்டிப் பச்சை. ஒரு வாரம் தாங்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்