தொட்டாலே போதும் என்றால் படத்தில் எதற்கு ஊசி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆரோக்கியப் பக்கத்தில் 'ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்' என்ற அக்குபங்சர் கட்டுரையைப் படித்தேன். உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்துகிற வைத்தியம்தான் அக்குபங்சர். நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டால் மூட்டு வலி முதல் சர்க்கரை வரை எல்லாம் போய்விடும் என்கிறார் ஒரு ஹீலர். நீங்களும் மறுகேள்வி இல்லாமல் அச்சடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் படத்திலோ ஒரு பெண்ணின் முகம் முழுக்க ஊசி. தொட்டாலே போதும் என்றால் அந்தப் பெண்ணை எதற்குக் குத்தினீர்கள் என்று தெரியவில்லை. சரி, படத்தை விட்டுவிடுவோம். "மருந்தும் ஒரு கழிவுதான், அதை நிறுத்துகிற அன்றே குணம் ஆரம்பம்" என்ற வரியைக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அக்குபங்சரைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் பலன் கண்டவள் நான். அதை இப்படிக் கெடுக்கிறார்களே என்ற கோபமும் இதில் சேர்ந்திருக்கிறது.

கும்பகோணத்தில் பிளவுஸ் தைக்கிறேன். கல்யாண சீசனில் ஆரி எம்பிராய்டரி வேலையும் உண்டு. துணியை ஃபிரேமில் இழுத்துக் கட்டி, அதன் மேல் கவிழ்ந்தபடி நாள் முழுக்க உட்கார வேண்டும். வலது கை மேலே கொக்கி ஊசியைப் பிடித்திருக்கும், இடது கை துணிக்கு அடியில் நூல் கொடுக்கும், கழுத்து இரண்டுக்கும் நடுவில் தொங்கும். வருஷக்கணக்கில் இப்படி உட்கார்ந்ததில் கழுத்து வலி தோளுக்கு இறங்கி, அங்கிருந்து விரல் நுனிவரை மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு மருத்துவமனையில் படம் எடுத்துத் 'தேய்மானம்' என்றார்கள். அந்த டாக்டர் என் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் மாட்ட ஒரு காலரும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். காலரை மாட்டிக்கொண்டு குனிந்து மணி கோக்க முடியுமா? மாத்திரை வலியைக் குறைத்தது, வயிற்றைப் புண்ணாக்கியது.

அப்போது உங்கள் கேள்வி-பதில் பகுதிக்கும் எழுதிக் கேட்டேன். 'நல்ல ஓய்வு எடுங்கள், தலையணையை மாற்றிப் பாருங்கள்' என்று பதில் வந்தது. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் உங்கள் மருத்துவர் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் அரசு மருத்துவமனையின் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவில்தான் எனக்கு ஊசி போட்டார்கள். அந்த டாக்டரம்மா முறையாகக் கல்லூரியில் படித்தவர். என் கண் முன்னாலேயே புதுக் கவரைப் பிரித்தார். கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். என்னிடம் உள்ள மெல்லிய கைத்தையல் ஊசிகூட அதற்கு முன்னால் கடப்பாரை. சின்னக் குழாய்க்குள் வைத்து மேலே ஒரு தட்டு, அவ்வளவுதான். பின்மண்டைக்குக் கீழே இரண்டு பக்கக் குழியிலும், தோளிலும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும் போட்டார். குத்தும்போது ஒன்றும் தெரியவில்லை. லேசாகத் திருகியபோதுதான் உள்ளே கனமாக, மந்தமாக ஒரு இழுப்பு வந்தது. அப்படி வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தமாம். இருபது நிமிஷம் அப்படியே படுத்திருக்க வேண்டும். சில வாரங்களில் ராத்திரித் தூக்கம் வந்தது, மரத்துப்போவது பாதிக்கு மேல் குறைந்தது. தேய்மானம் போய்விட்டதா என்று கேட்டேன். "அது போகாதும்மா, வலிதான் குறையும். கழுத்துப் பயிற்சியை விடாதீங்க, பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீங்க" என்றார். இந்தப் பேச்சைக் கட்டம் கட்டிப் போட உங்களுக்குத் தோன்றாது. இதில் அதிசயம் எதுவும் இல்லையே.

முன்பு ஒரு முறை உங்கள் பத்திரிகையிலேயே இன்னொரு பெரிய மருத்துவர், அக்குபங்சர் என்பது 'வெறும் மனப்பிரமை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மருந்தாளுநர் படிப்பு படித்த என் மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுகு வலிக்காரர்களை வைத்து ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டிருக்கிறார்கள். முறையாக ஊசி போட்டவர்களில் சுமார் 48 சதவீதம் பேருக்கும், புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கும் வலி குறைந்திருக்கிறது. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். அப்படியென்றால் புள்ளி, நாடி என்று அளக்கிறவர்களின் கதையும் ஆடிப்போகிறது, வழக்கமான வைத்தியம் தேவலை என்பவர்களின் கதையும் ஆடிப்போகிறது. மேதாவிகள் உட்கார்ந்து சண்டை போடட்டும். இங்கிலாந்தில் நைஸ் என்கிற அரசு வழிகாட்டி அமைப்பு 2009-ல் இடுப்பு வலிக்கு ஊசி போடலாம் என்றது, 2016-ல் வேண்டாம் என்றது, 2021-ல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்குப் போடலாம் என்றது. அவர்களே இத்தனை தடவை யோசிக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் இந்த வாரம் பிரமை, அடுத்த வாரம் சஞ்சீவி. எப்படி முடிகிறது?

எனக்குப் பிடித்தது அமெரிக்காக்காரன் போட்ட கணக்குதான். அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடு 2020-லிருந்து நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஊசிக்குப் பணம் தருகிறது. 90 நாளுக்குள் 12 முறை வரை போடலாம். குணம் தெரிந்தால் இன்னும் 8 முறை. தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். நம் ஹீலர்களிடம் யாராவது 'குணம் தெரியவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். 'கழிவு வெளியேறுகிறது, பொறுங்கள்' என்பார்கள். வலி கூடினாலும் கழிவு, காய்ச்சல் வந்தாலும் கழிவு.

இந்தக் கழிவுப் பேச்சை நம்பி என் வாடிக்கையாளர் ஒரு அக்கா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். பல வருஷமாக அவர் பிளவுஸ் அளவு என் நோட்டில் ஒரே அளவுதான். தீபாவளிக்குத் தைத்ததைப் பொங்கலுக்குள் இரண்டு பக்கமும் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். டேப்பைச் சுற்றியபோது எனக்கே பயமாக இருந்தது. மார்பில் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது, கைச்சுற்று தொளதொளவென்று ஆடியது. "என்னக்கா இப்படி இளைச்சுட்டீங்க?" என்றேன். "கழிவெல்லாம் போகுதும்மா, உடம்பு லேசா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் காலில் ஒரு சின்னப் புண். அதற்கும் விரலால் தொட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது, ஒரு கால் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவரும் ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் ஹீலரிடம் போனார். உங்கள் பத்திரிகையா என்று நான் கேட்கவில்லை. காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று என் கடையில் போட்டு வைத்திருப்பது உங்களுடையதுதான் என்பதால் கேட்கத் தைரியம் வரவில்லை.

கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. இது நம் சித்தர்களின் கலையாம், சீனர்கள் எடுத்துக்கொண்டு போனார்களாம். வர்மம் நம்முடையது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் 1938-ல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சீனாவுக்குப் போனது உங்களுக்குத் தெரியாததா? அதில் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். கூடப் போன பிஜோய் குமார் பாசு, 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் இந்த ஊசி வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். மேற்கு வங்கத்தில் 1996-லேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய அரசும் 2019-ல் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. எங்கள் தெருவிலோ தபாலில் வந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு 'டாக்டர்' என்று பலகை வைக்கிறார்கள். அந்தப் பலகைக்காரர்களின் விளம்பரம் உங்கள் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டுரைக்கு நேர் எதிர்ப்பக்கம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் ஒரு கட்டம் போடுங்கள்: சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளை உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இடம் இருந்தால் இன்னும் நாலு வரி. ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் புதுக் கவரைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோளிலும் மார்பிலும் ஆழமாக இறக்கினால் ஊசி நுரையீரலில் பட்டுவிடலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. அதனால் போடுகிறவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம்.

கடிதத்தைச் சுருக்குவதென்றால் என் கழுத்து வலியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்த அக்காவின் விஷயத்தை முழுசாகப் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். போன தடவை இனிஷியலைத் தப்பாகப் போட்டதில், வந்த பாராட்டெல்லாம் எதிர்வீட்டுக்காரருக்குப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கும்பகோணம்.