நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். ட்ரோன் இறங்கியதும் மோட்டாரைத் தொட்டால் சுடுகிறது, இது சரியா தப்பா என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என் பிழைப்பே அந்தச் சூட்டோடுதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று நீங்கள் யாரும் சரியாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பாலைவனத்தின் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோலார் பேனல்கள். அவற்றின் மேலே வெப்பத்தைப் படமெடுக்கும் கேமராவோடு ட்ரோனைப் பறக்கவிட வேண்டும். பேனலுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருப்பவை செல்கள். பழுதான செல் பக்கத்துச் செல்லைவிடச் சூடாக இருக்கும், படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் அது தெரிய நல்ல வெயில் வேண்டும். பேனல்மீது சதுர மீட்டருக்குக் குறைந்தது 600 வாட் வெயில் விழவேண்டும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. விடியற்காலைக் குளிர்ச்சியில் பறந்து முடித்துவிட்டு அறைக்குத் திரும்பலாம் என்றால் முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் எங்களுக்கு வேலையே தொடங்கும். அந்த நேரத்தில் காற்றே 42, 43 டிகிரி இருக்கும். பேனலின் மேல்பரப்பு 65ஐத் தொடும். வந்த முதல் வாரம் வேன் கதவின் கைப்பிடியைப் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன். இப்போது கையுறை இல்லாமல் எதையும் தொடுவதில்லை, மோட்டாரைத் தவிர.

மோட்டாரை மட்டும் ஏன் வெறும் கையால் தொடுகிறேன் என்று சொல்கிறேன். முதல் கோடையில் ஒரு பழைய ட்ரோனை ஓட்டினேன். ஒரு பேட்டரி தீர்ந்ததும் இறக்குவேன், அடுத்ததைச் சொருகுவேன், உடனே ஏற்றுவேன். இரண்டு நாளாகவே பின்பக்க வலது மோட்டார் மற்ற மூன்றைவிடச் சூடாக இருந்தது. கையில் தெரிந்தது. வெயில்தானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் ஒரு கீச்சல் சத்தம், அந்த மூலை சரிந்தது, ட்ரோன் மணலில் குப்புற விழுந்தது. கீழே யாரும் இல்லை. பிரித்துப் பார்த்தேன். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில் (coil), செம்பு நிறம் போய்க் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. வார்னிஷ் கருகிய வாடை. ஒட்டியிருந்த காந்தத் துண்டு ஒன்று இடம் நகர்ந்து காயில் சுற்றியிருந்த இரும்பை உரசியிருந்தது. அதன் இடுக்கில் கறுப்பாக மணல். மணலில் இரும்புத்துகள் கலந்திருக்கும், காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது பேரிங்கை, அதாவது மோட்டார் தடையில்லாமல் சுற்ற உதவும் குண்டு வளையத்தை, கெடுத்திருக்கிறது. வெயில் நாலு மோட்டாருக்கும் ஒன்றுதானே, ஒன்று மட்டும் ஏன் சுடுகிறது என்று அன்றே கேட்டிருந்தால் விழுந்திருக்காது. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மோட்டார் சுடுவது தப்பில்லை. கரண்ட் ஓடினால் செம்புக் கம்பி சூடாகத்தான் செய்யும். அது எவ்வளவு தாங்கும் என்பது இரண்டு பொருளைப் பொறுத்தது. ஒன்று கம்பிமேல் இருக்கும் இனாமல் பூச்சு. அதன் தரத்துக்கேற்ப 130, 155, 180 டிகிரி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 1930-இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் ட்ரான்ஸ்பார்மர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: சூடு எட்டுப் பத்து டிகிரி கூடினால் கம்பியைச் சுற்றியிருக்கும் காப்புப் பொருளின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இரண்டாவது காந்தம், அது இன்னும் சீக்கிரம் தோற்றுப்போகும். மோட்டாரில் இருப்பது நியோடிமியம் காந்தம். சாதாரண ரகம் 80 டிகிரிவரைதான். அதற்கு மேலான ரகங்கள் 100, 120, 150 என்று போகும். எல்லையைத் தாண்டினால் காந்தத்தின் பலம் குறையும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. உன் மோட்டாரில் எந்த ரகம் என்று பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் 80தான் எல்லை என்று வைத்துக்கொள்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. செம்பு சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும், டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.4 சதவீதம். 25 டிகிரியில் இருந்ததைவிட 100 டிகிரியில் 30 சதவீதம் அதிகம். காந்தமும் சூட்டில் கொஞ்சம் தளரும், அதே பலத்துக்கு அதிக கரண்ட் கேட்கும். கரண்ட் கூடினால் இன்னும் சூடு. வெயில் காற்று வேறு லேசானது. 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 1.225 கிலோ என்றால் 45 டிகிரியில் 1.11 கிலோதான். அதே எடையைத் தூக்க இறக்கை ஐந்து சதவீதம் வேகமாகச் சுற்றவேண்டும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். மோட்டாரைக் குளிர வைக்கவேண்டியதும் அதே சூடான, லேசான காற்றுதான்.

எனக்குப் பழகிப்போன அளவு இது. இறங்கிய அரை நிமிடத்துக்குள் வெளிக்கூட்டில் 60க்குள் இருந்தால் கவலையில்லை. 60க்கும் 80க்கும் நடுவே என்றால் ஆறவிட்டு, ஏன் என்று யோசிப்பேன். 80ஐத் தாண்டினால் அன்றைக்கு அந்த ட்ரோனுக்கு வேலை முடிந்தது. உள்ளே காயில் வெளிக்கூட்டைவிட இன்னும் சூடாக இருக்கும் என்பதை மறக்காதே. இறங்கியதும் காற்று நின்றுவிடும், உள்சூடு வெளியே வரும், இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் எண் ஏறியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அள.

கருவி இல்லையென்றால் விரல் போதும். முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோ, அனல் அடித்தால் தொடாதே. மூன்று நான்கு விநாடி விரலை வைத்திருக்க முடிந்தால் பெரும்பாலும் 60க்குள். பட்டதும் இழுத்துக்கொண்டால் அதற்கு மேல். அளக்க வேண்டுமானால் தொழிற்கூடங்களில் வைத்திருக்கும், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கு. காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு ஆகாது. பளபளக்கும் உலோகத்தின் சூட்டை இன்ஃப்ராரெட் கருவி குறைத்துக் காட்டும், ஏமாந்துவிடாதே. மோட்டாரின் சுற்றாத அடிப்பாகத்தில் சின்னதாக ஒரு கறுப்பு டேப் ஒட்டி அதைப் பார்த்து அள. சுற்றும் பாகத்தில் ஒட்டாதே, சமநிலை கெட்டுவிடும்.

ஆனால் தம்பி, தனியாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதில் ஐந்து எண் எழுதுவேன்: காற்றின் சூடு, நான்கு மோட்டாரின் சூடு. 44 டிகிரி வெயிலில் மோட்டார் 66 என்றால் கூடுதல் 22. 28 டிகிரி நாளில் 50 என்றாலும் கூடுதல் அதே 22தான், மோட்டார் மாறவில்லை. அதே 28 டிகிரி நாளில் 66 காட்டினால் எதுவோ கெட்டிருக்கிறது. நான்கையும் ஒப்பிட்டுப் பார். எதிர்காற்றில் முன்னோக்கிப் பறந்தால் பின்பக்க இரண்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், அது இயல்பு. ஒன்று மட்டும் பத்து டிகிரி தள்ளி நின்றால் இறக்கையில் விரிசலா, பேரிங்கா, மணலா என்று பார். கையால் மெதுவாகச் சுற்று. மற்ற மூன்றைப்போல் சுற்றவில்லையென்றால் விரலுக்கே தெரியும்.

பறக்கும் விதமும் முக்கியம். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதைவிட நிதானமாக முன்னோக்கிப் போவது மோட்டாருக்குச் சுலபம். வெயிலில் ஸ்போர்ட் மோடு, அதாவது வேகமாகப் பறக்கும் அமைப்பு, வேண்டாம். இரண்டு பேட்டரிக்கு நடுவே பத்து நிமிடம் நிழலில் வை. ஆன் செய்த ட்ரோனைத் தரையில் சும்மா விடாதே, இறக்கைக் காற்று இல்லாமல் உள்ளே இருக்கும் சிப் எல்லாம் கொதித்துப்போகும். பேட்டரி ஆறி 40க்குக் கீழே வராமல் சார்ஜ் போடாதே. மணலில் இறக்காதே, ஒரு விரிப்பு போடு. அப்புறம் கையேட்டைப் படி. சின்ன கேமரா ட்ரோன்களுக்குப் பெரும்பாலும் 40 டிகிரிக் காற்றுதான் எல்லை. இங்கே நான் ஓட்டும் டிஜேஐ மேட்ரிஸ் 350 என்ற பெரிய தொழில் ட்ரோனுக்கு 50வரை அனுமதி உண்டு. அதை நான் 44இல் ஓட்டுகிறேன் என்பதற்காக உன்னுடையதை நீ 44இல் ஏற்றக்கூடாது.

கேமரா போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆள் தலைக்கு மேலே மட்டும் பறக்கவிடாதே. அன்று மணலில் விழுந்த இடத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். பத்தடி தள்ளித்தான் என் கூட வேலை பார்ப்பவர் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா அப்பாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று சொல். அடுத்த முறை இறங்கியதும் ஐந்து எண்ணையும் எழுதி எனக்கு அனுப்பு. ஏதாவது ஒரு மோட்டார் மட்டும் தனியாகச் சுட்டால், நான் கூப்பிடும்வரை அதை ஏற்றாதே.

அன்புடன்,
அண்ணன்