குரலை நனைக்காதீர்கள்: சின்ன பாப் குழுக்களுக்கு மிக்ஸ் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்து பாடலாக்கும் அன்பார்ந்த மிக்ஸிங் நண்பர்களே, வணக்கம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து பாப் குழுவான கேமரா அப்ஸ்க்யூரா 2024 மே மாதம் வெளியிட்ட 'லுக் டு தி ஈஸ்ட், லுக் டு தி வெஸ்ட்' ஆல்பத்தை முன்வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கை: குரலை ரிவெர்பில், அதாவது நீண்டு ஒலிக்கும் எதிரொலியில், நனைக்காதீர்கள். இத்தனை ஆண்டுகளாகியும் அவர்களுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்கிற ஆதங்கம் ரசிகர்களான எங்களுக்கு உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஆல்பத்தில் அவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2009இல் வந்த 'மை மாட்லின் கரியர்' ஆல்பத்தில் பியோர்ன் யிட்லிங் அமைத்த வயலின்கள், அதன்மேல் பெரிய மண்டபத்து ரிவெர்ப். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குழுவின் பாடகி டிரேசியான் கேம்பல் எழுதும் வரிகள் கூர்மையானவை. பல இடங்களில் அவை அந்த முழக்கத்துக்குள் அமுங்கிப் போயின. அந்த ஆல்பத்தைத் தயாரித்த யாரி ஹாப்பலாய்னன்தான் புதிய ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர். இம்முறை வயலின் கூட்டம் இல்லை. பியானோ, ஹேமண்ட் ஆர்கன், சிந்தசைசர், டிரம் மெஷின் இவைதான் அதிகம் முன்னால் நிற்கின்றன. ரிவெர்ப் வெகுவாகக் குறைந்திருக்கிறது. குழுவின் கீபோர்டு கலைஞர் கேரி லேண்டர் 2015இல் புற்றுநோயால் இறந்துபோனார். அவரை நினைத்து எழுதிய 'சுகர் ஆல்மண்ட்' பியானோவை ஒட்டியே நகர்கிறது. பாடுபவர் யாரிடம் பேசுகிறார் என்பது முதல் கேட்பிலேயே புரிகிறது. ஒரு குழு முதிர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

நீங்கள் ரிவெர்பை ஏற்றுவதற்கான காரணம் எங்களுக்கும் தெரியும். குரலில் சுருதி கொஞ்சம் விலகியிருக்கும், அறை சின்னதாக இருக்கும், ரிவெர்பின் வால் (சத்தம் நின்ற பிறகும் தேயும் ஒலி) நீண்டால் இரண்டும் மறையும். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய இறுதிக் கட்டமான மாஸ்டரிங்கில், சத்தத்துக்கு உச்சவரம்பு போடும் லிமிட்டர் உச்சங்களை அழுத்தி மொத்தச் சத்தத்தையும் ஏற்றியதும் அந்த வால் மேலே எழுந்துவிடும். மிக்ஸில் அளவாகத் தோன்றியது வெளியீட்டில் கூடுதலாகக் கேட்பது இதனால்தான். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வயலினும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். வாலும் அங்கேயே வந்து சேர்ந்தால் வரி போயே போய்விடும்.

எனவே முதலில் எல்லா ரிவெர்ப் பஸ்ஸையும் (ரிவெர்புக்கு ஒலியை அனுப்பும் தனித் தடம்) மியூட் செய்யுங்கள். குரலையும் ஒரே ஒரு வாத்தியத்தையும் வைத்து பேலன்ஸ் எடுங்கள். சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் ஒன்றிலேயே 8 டெசிபல் நசுக்கினால் அறைச் சத்தமும் மூச்சும் கூடவே ஏறிவரும். இரண்டில் தலா 3 டெசிபல் போதும். மீதியை, சத்தத்தைக் கையால் ஏற்றி இறக்கும் ஃபேடர் பார்த்துக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றி இறக்குவது அலுப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யும் பிளக்இன் மென்பொருள் எதுவும் பாட்டின் அர்த்தம் புரிந்து செய்வதில்லை. டிரையாக, அதாவது ரிவெர்ப் இல்லாமல், கேட்கும்போது பாடிய பதிவு தாங்கவில்லை என்றால் மறுபடி பாடச் சொல்லுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், பாடுபவருக்குப் பின்னால் கனமான போர்வை. சின்ன அறைக்கு அதுவே பெரிய மாற்றம்.

பிறகும் இடம் தேவைப்பட்டால் ஒரு செகண்டுக்கும் குறைவான டிகே (வால் தேய்ந்து மறையும் நேரம்), 30 முதல் 40 மில்லி செகண்ட் ப்ரீ டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி), 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. ப்ரீ டிலே இல்லாவிட்டால் எதிரொலி முதல் எழுத்தின் மேலேயே விழும். ரிவெர்ப் திரும்பி வரும் ரிட்டர்ன் தடத்தை மியூட் செய்தால் மட்டுமே அது இருந்தது தெரியவேண்டும், அந்த அளவில் நிறுத்துங்கள். ஒருமுறை மோனோவிலும், அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலியாகவும், கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களும் பலர்.

குழுவே "இன்னும் கொஞ்சம் ரிவெர்ப்" என்று கேட்கும். அப்போது மறுக்க வேண்டாம். டிரையாக ஒன்று, ரிவெர்புடன் ஒன்று, இரண்டு ஒலிக்கோப்புகள் எடுத்து, சத்த அளவைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் அனுப்புங்கள். சமப்படுத்தாமல் அனுப்பினால் சத்தம் கூடியதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள். கேட்டு முடித்ததும், பாடலை எழுதியவரிடம் இரண்டாம் சரணத்தின் எல்லா வார்த்தைகளும் எதில் காதில் விழுந்தன என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
வரிகளைத் தேடிக் கேட்கும் ரசிகர்கள் சிலர்